இருபத்துமூன்றின் பக்கத்து நாற்காலி

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. எனக்குத் தூக்கம் குறைவு, பசி அதிகம். ஆகவே நன்றாக இருக்கிறேன் என்று புரிந்துகொள். நீயும் உன் வீட்டுக்காரியும் என் மருமகள் சுண்டெலியும் சுகம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நான்கு முறை போன் செய்தேன். "மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா" என்று ஒரு வரிச் செய்தி அனுப்பினாய். ஞாயிற்றுக்கிழமை எந்த மிஷின் ஓடியது என்று நான் கேட்கவில்லை. எனக்கு இப்போது சண்டை போட நேரமில்லை.

ஏனென்றால் பெரியவர் சம்மதித்துவிட்டார்! எங்கள் துறைத் தலைவரைத்தான் சொல்கிறேன். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கட்டடத்தில் வேலையில் இல்லை. அவரே கையெழுத்துப் போட்டார்.

விஷயம் இதுதான். காய்ச்சல் ஊருக்குள் எப்படிப் பரவும் என்று எங்களால் கணக்குப் போட முடியும். காய்ச்சல்காரர் ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறார் என்று ஓர் எண் உண்டு. அந்த எண் ஒன்றைத் தாண்டினால் காய்ச்சல் படரும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் தானே அடங்கிவிடும். அதே மாதிரி மனச்சோர்வும் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறதா? பரவினால் அதன் எண் என்ன? இதைத்தான் நான் கண்டுபிடிக்கப் போகிறேன்.

அதற்கு தினமும் ஒரே இடத்தில் சந்திக்கும் நாற்பது பேர் வேண்டும். உன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? ஒரே கூரை, ஒரே நீராவி, ஒரே தேநீர் இடைவேளை. அதோடு துணிக் கிடங்குப் பொறுப்பாளர் என் சொந்தத் தம்பி! உங்கள் மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

வாரம் ஒரு படிவம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. மொத்தம் இருபத்தேழு. கூடக்கூடச் சோர்வு அதிகம் என்று அர்த்தம். கடைசியில் 'இந்த வாரம் யார் யாருடன் தேநீர் குடித்தீர்கள்?' என்று ஒரு கேள்வியும், மனதில் பட்டதை எழுத ஒரு கட்டமும் இருக்கும். நீ பெயர்களை எல்லாம் எண்ணாக மாற்றி, உன் கையெழுத்தில் புதுத்தாளில் பெயர்த்து எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். எந்த எண் யார் என்று எனக்குத் தெரியவே கூடாது. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. இது விதி.

சுண்டெலிக்கு அத்தையின் முத்தம். உன் தலையில் ஒரு குட்டு.

அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே சுகம். சுண்டெலியும் அவள் அம்மாவும் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவார்கள். உன் முத்தத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

படிவம் கொடுத்த அன்று கூடமே ஒரே அமர்க்களம். மடிப்பு மேசை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'அடிக்கடி சோர்வாக உணர்கிறீர்களா'ன்னு கேக்குது. ஒரு நாளைக்கு அறுநூறு போர்வை மடிக்கிறவளைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? இன்னொரு கட்டம் போடச் சொல்லுப்பா உங்கக்காவ. 'நீ வந்து மடிச்சுப் பாரு'ன்னு." துணி உலர்த்தி மிஷின் ஓட்டுகிற அண்ணன், "உங்கக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா, கேலி பண்ணியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, மறைத்து மறைத்து எழுதினார்கள். பரீட்சையில்கூட அவர்கள் அவ்வளவு கவனமாக எழுதியிருக்க மாட்டார்கள். என்னிடம் கொடுக்கும்போது நாலாக மடித்துக் கொடுத்தார்கள்.

நாற்பது பேர் வேண்டும் என்று சொன்னாயே. கடைசி நிமிடத்தில் பாய்லர்காரர், "என் மனசு என்னோட இருக்கட்டும்" என்று விலகிவிட்டார். முப்பத்தொன்பது ஆகிவிட்டது. எண் குறையக் கூடாதே என்று ஓர் ஆளைப் பிடித்துப் போட்டுவிட்டேன். யார் என்று கேட்காதே. உன் விதி.

போன் விஷயம்: நீ போனில் என் குரலை வைத்தே கணக்குப் போட்டுவிடுவாய். ஆகவே கடிதமே நல்லது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கட்டு அனுப்புவேன். கடிதத்தையும் அதிலேயே வைக்கிறேன்.

வாலு

*

பிப்ரவரி 15

என் தங்கத் தம்பிக்கு,

வந்தது, வந்தது, வந்தது! இரண்டு கட்டும் வந்து சேர்ந்தன. உன் குண்டுக் கையெழுத்தில் நாற்பது பேரின் மனசு. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இங்கே நான் சுகமாக இருக்கிறேனா என்று கேட்டால், மூன்று நாளாகத் தலை சீவவில்லை என்பதுதான் பதில்.

என் அறைச் சுவரில் நாற்பது குண்டூசி குத்தியிருக்கிறேன். யார் யாருடன் தேநீர் குடித்தார்களோ அவர்களுக்கு நடுவே நூல் கட்டினேன். சோர்வு அதிகமானால் சிவப்பு ஊசி, குறைந்தால் வெள்ளை. பெரியவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "தையல் கடை மாதிரி இருக்கு" என்றார். அவர் வாயில் இது பெரிய பாராட்டு!

அதோடு சிவப்பு ஊசிகள் சிதறிக் கிடக்கவில்லை, வாலு. ஒன்றையொன்று ஒட்டிக் கூட்டமாக நிற்கின்றன. அப்படியானால் ஏதோ ஒன்று பரவுகிறது!

உங்கள் ஆட்களை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 23 என்று ஒருவர் இருக்கிறார். இருபத்தேழுக்குப் பத்தொன்பது, கூடத்திலேயே மிக அதிகம். ஆனால் கருத்துக் கட்டத்தில் அவர் எழுதுவதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். 'தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தூக்கம் நல்ல விஷயம்தான், எனக்கு அறிமுகமில்லை.' உனக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போகுமே!

பாட்டி வீட்டிலிருந்து வந்துவிட்டார்களா? சுண்டெலிக்கு முன்பல் விழுந்ததா? எழுது.

அக்கா

*

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தலையைச் சீவு. மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். முன்பல் விழுந்துவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பல் போன இடத்தில் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, "அத்தைகிட்ட சொல்லுப்பா" என்றாள். சொல்லிவிட்டேன்.

23 பெரிய ஆள் ஒன்றுமில்லை. விடு.

நான் எங்கே தேநீர் குடிக்கிறேன் என்று ஒரு முறை கேட்டிருந்தாய். கிழிந்த துணியைப் பிரித்து வைக்கும் மூலையில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், பக்கத்தில் நீராவி படிந்த ஜன்னல். எனக்கு எதிரே யாராவது வந்து உட்காருவார்கள். போன வாரம் மடிப்பு மேசை அம்மா வந்தார். மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு, இருபது நிமிடம் ஒரு தலையணை உறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் சொல்லாதப்பா, சும்மா உக்காரு" என்றார். நானும் சும்மா உட்கார்ந்தேன். எனக்கு நன்றாக வருகிற வேலை அதுதான்.

ஒரு கேள்வி. இங்கே ஒருவர் உன்னிடம் கேட்கச் சொன்னார். சோர்வு நிஜமாகவே ஒட்டிக்கொள்ளுமா? ஒரு பெரியவருக்கு அது இருந்தால், பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கும் வந்துவிடுமா? அவசரமில்லை. ஆனால் தெரிந்தால் எழுது.

வாலு

*

மார்ச் 20

வாலு! வாலு! வாலு!

பிடித்துவிட்டேன்! சுகம் விசாரிப்பதெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது என்னால் நாற்காலியில் உட்காரக்கூட முடியவில்லை.

எண் வந்துவிட்டது. ஒன்று புள்ளி நான்கு. ஒன்றைத் தாண்டியாயிற்று! பெரியவர் கணக்கை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னும் இருக்கிறது, கேள். மிகவும் சோர்ந்திருக்கும் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒரே ஆளுடன் தேநீர் குடித்தவர்கள். யார் தெரியுமா? நம் நகைச்சுவைக்காரர் 23! நூலெல்லாம் அந்த ஒரே ஊசிக்குப் போகிறது. சந்தேகம் வந்து, கம்ப்யூட்டரில் 23-ஐ மட்டும் அழித்துப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளிதான். எண் சரசரவென்று இறங்கி பூஜ்யம் புள்ளி எட்டில் நின்றுவிட்டது. அந்த ஒருவர் இல்லாவிட்டால் கூடம் முழுக்கத் தெளிந்துவிடும், வாலு! என் கண் கலங்கிவிட்டது.

இதை நிஜத்தில் பார்க்க வேண்டும். நான்கே வாரம். 23 யார் என்று உனக்குத் தெரியும். எதையாவது காரணம் சொல்லி அவரைத் தேநீர் இடைவேளையில் தள்ளி உட்காரவை. மேலாளரிடம் போகாதே. மனம் நோகாமல், சாமர்த்தியமாகச் செய். உன்னால் முடியாதா என்ன?

உன் ஆளின் கேள்விக்குப் பதில்: ஒட்டும் என்றுதானே கணக்கு சொல்கிறது! பெரியவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். கொஞ்சம் தள்ளியே இருக்கச் சொல்.

நான் பறந்துகொண்டிருக்கிறேன்!

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

23-ஐத் தள்ளி உட்காரவைத்தாயிற்று. சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. சொன்னதும் அந்த எண் தானாகவே எழுந்து போய்விட்டது. கிடங்கின் பின்பக்கம் புதுத்துணி அடுக்குகிற அறை இருக்கிறது. அங்கே ஜன்னல் கிடையாது, ஆனால் சத்தமும் கிடையாது. தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடலாம், பேச ஆளில்லையே.

கேள்வி கேட்டவரிடமும் பதிலைச் சொல்லிவிட்டேன். புரிந்துகொண்டார்.

வாலு

*

ஏப்ரல் 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கட்டு மட்டும் ஒழுங்காக வருகிறது. கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் வெண்டைக்காய் மாதிரி மெலிந்துவிட்டேன் என்று பக்கத்து அறைக்காரி சொல்கிறாள். பொறாமை.

நல்ல செய்தி முதலில். ஜூன் மாத மாநாட்டில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள்! பெரிய மேடை, நாற்பது நிமிடம். உன் நாற்பது ஊசிகளுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல செருப்பா வாங்கிக்க" என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை என்று இதற்கு அர்த்தம்.

இப்போது விசித்திரமான செய்தி. 23-ஐத் தள்ளிவைத்த பிறகு எண் இறங்க வேண்டும் அல்லவா? முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் ஏறியது. மூன்றாம் வாரம் ஒன்று புள்ளி ஒன்பது! வெள்ளை ஊசிகளைக் கழற்றிக் கழற்றிச் சிவப்பு குத்திக்கொண்டிருக்கிறேன். ஒன்று, என் கணக்கு தப்பு. அல்லது, யாரும் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் எனக்குத் தூக்கம் வராது. நான்காம் வாரத்தைச் சீக்கிரம் அனுப்பு!

23 எப்படி இருக்கிறார்? கருத்துக் கட்டம் காலியாகவே வருகிறது. எனக்குச் சிரிக்க ஒன்றும் கிடைப்பதில்லை.

சுண்டெலிக்கு அனுப்பிய வண்ணப் பென்சில் பெட்டி வந்ததா? நாலு மாதமாகவா பாட்டி வீடு? பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று? உன் வீட்டுக்காரியும் எனக்கு ஒன்றும் எழுதுவதில்லை. என்மேல் ஏதாவது கோபமா?

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நான்காம் வாரப் படிவங்கள் இத்துடன். பென்சில் பெட்டி வந்தது. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் உன்மேல் கோபம் இல்லை. வேலை அதிகம். மாநாட்டில் நன்றாகப் பேசு.

வாலு

*

மே 9
விரைவுத் தபால்

என் தம்பிக்கு,

காலையிலிருந்து மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஆகவே இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். படித்து முடித்த உடனே எழுந்து நட. எங்கே என்று சொல்கிறேன்.

நான் எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்துவிட்டேன், வாலு.

நேற்று படிவங்களை நகலெடுக்கப் போயிருந்தேன். அங்கே வேலை செய்கிற அம்மாவிடம் என் புலம்பலைக் கொட்டினேன். ஒருவரைச் சுற்றி எப்போதும் சோர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள், அவரை எடுத்துவிட்டால் சோர்வு கூடுகிறது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றேன். அவர் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க தெரு டாக்டர் வாசல்ல எப்பவும் இருமுறவங்களாத்தான் உக்காந்திருக்காங்க. அதுக்காக டாக்டர்தான் இருமலைப் பரப்புறாருன்னு சொல்வீங்களாம்மா?"

நகலை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

நான் ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனிப் படமாகப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆளை வாரா வாரம் தொடர்ந்து பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். 7 முதலில் சோர்கிறார். அதற்கு அடுத்த வாரம்தான் 23-இன் மேசைக்கு வருகிறார். மூன்று வாரத்தில் தேறிவிடுகிறார். தேறியதும் வேறு மேசைக்குப் போய்விடுகிறார். 31-உம் அப்படியே. 12, 18, 36, எல்லாரும் அப்படியே! யாரும் 23-இடமிருந்து சோர்வை வாங்கிக்கொண்டு போகவில்லை. சோர்வோடு வந்து, அதை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'யாருடன் தேநீர் குடித்தீர்கள்' என்று கேட்டேனே தவிர, யார் யாரைத் தேடிப் போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அந்தக் கூடத்திலேயே தெளிவு பரவுகிற ஒரே இடம் 23-இன் மேசை. அதைத்தான் நான் மூடச் சொன்னேன்!

இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? சோர்வைவிடத் தேறுதல் நன்றாகப் பரவுகிறது! கணக்கு கைவசம் இருக்கிறது! ஆனால் அதைப் பிறகு கொண்டாடலாம்.

ஏனென்றால் 23-ஐ மட்டும் தனியாகத் தொடர்ந்து பார்த்தேன். பதினைந்து வாரம். தேறியவர்களில் ஒருவர்கூட அவரைத் தேடித் திரும்பி வரவில்லை. எல்லாரும் நல்லவர்கள்தான், அவர் சிரிக்க வைக்கிற ஆள், அவருக்கு என்ன குறை என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தானே நினைத்தேன்? தள்ளிவைத்த பிறகு அவருடைய சோர்வு மதிப்பெண் பத்தொன்பதிலிருந்து இருபத்துநான்கு. கடைசிப் படிவத்தில் கட்டம் காலியாக இல்லை. நீயே உன் கையால் பெயர்த்து எழுதியிருக்கிறாய், உனக்கு நினைவிருக்கும். 'நான் தள்ளி இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். யாருக்கும் நல்லதாகவில்லை. இனி எவ்வளவு தூரம் தள்ளிப் போவது என்று தெரியவில்லை.'

பெரியவரிடம் கேட்காமல், ஒரு கணக்கு சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக, உயிருள்ள மனிதரைத் தனியாக உட்காரவைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

23 யார் என்று எனக்குச் சொல்லாதே. ஆனால் இன்றைக்கே, இப்போதே, இரண்டு கோப்பை தேநீர் எடுத்துக்கொண்டு அவரிடம் போ. எதிரே உட்கார். எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, உனக்குத்தான் அது நன்றாக வருமே. தனியாக விடாதே. ஆஸ்பத்திரி உங்கள் முற்றத்தைத் தாண்டினால் வந்துவிடும். கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போ. உன் அக்கா ஒரு முட்டாள் என்று அவரிடம் சொல்.

குழந்தையைப் பற்றி நான் எழுதிய பதில், வாய்க்கு வந்ததை எழுதியது. என் தாளில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டவரிடம் அதையும் சொல்லிவிடு.

அக்கா

*

மே 11
விரைவுத் தபால்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ சொன்னபடியே இரண்டு கோப்பை தேநீர் வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். இரண்டையும் மேசையில் வைத்தேன்.

23-க்கு எதிரே நான் எப்படி உட்காருவது, அக்கா?

பாய்லர்காரர் விலகியபோது ஓர் ஆள் குறைந்தது அல்லவா? அவருடைய படிவத்தை விளையாட்டாகத்தான் நானே எடுத்து எழுதினேன். எழுத ஆரம்பித்தால் கை நிற்கவில்லை. பெயர் இல்லாத தாளில் உண்மையை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சுண்டெலியும் அவளும் விடுமுறைக்குப் போகவில்லை. டிசம்பரிலேயே போய்விட்டார்கள். அவள்மேல் தப்பு இல்லை. நான் வெளியே கோமாளி, வீட்டுக்குள் வந்தால் வாயே திறப்பதில்லை. "சுவரோட எத்தனை நாள் குடித்தனம் பண்றது?" என்று கேட்டாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் கடிதத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போவதையும் நிறுத்திவிட்டேன். ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. சுண்டெலிக்கு ஒட்டிவிடக் கூடாது என்றுதான். பென்சில் பெட்டி அதனால்தான் அலமாரியில் இருக்கிறது.

இரண்டு கோப்பையும் ஆறிப்போயின. ஆனால் உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். 7, 31, 12 எல்லாரும் தேறிப் போனார்கள் என்று எழுதியிருந்தாயே, அது நிஜமா? எனக்காக மாற்றிச் சொல்லவில்லையே?

வாலு

*

மே 12
ரயிலில்

என் வாலுவுக்கு,

நிஜம். பதினொரு பேர். எண்ணிப் பார்த்துவிட்டேன். உனக்காக நான் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன், என்னை உனக்குத் தெரியும்.

இன்று காலை போனை எடுத்தாயே, அதற்கு நன்றி. பின்னால் உலர்த்தி ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த ஒரு தடவையாவது நிஜமாகவே மிஷின் சத்தம்தான் என்று தெரிந்தது. அப்புறம் நீ "அக்கா" என்றாய். எனக்கு அது போதும். மடிப்பு மேசை அம்மாவைக் கூப்பிட்டு போனைக் கொடுக்கச் சொன்னேன் அல்லவா? "நீங்க வர்ற வரைக்கும் இவன் என் மேசையிலதான் போர்வை மடிப்பான். நான் பாத்துக்குறேன்" என்றார். உன்னை ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆய்வாளரின் சொந்தத் தம்பி கணக்குக்குள் வந்துவிட்டதால் பதினைந்து வாரமும் செல்லாது. அவரைக் கேட்காமல் உன்னைத் தள்ளிவைத்ததற்கும் நான் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாநாடு கிடையாது. புதுச் செருப்பு இருக்கிறது, உன் வீட்டு வாசலில் கழற்றி வைப்பேன். அவர் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். சுவரில் இருந்த 23-ஆம் ஊசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கணக்கு எங்கயும் ஓடிடாது. நீ கிளம்பு" என்றார். அழாமல் வெளியே வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் மனச்சோர்வை ஒரு தேநீரில் தீர்த்துவிடுவேன் என்று நான் நினைக்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் கூடத்தில் துவைத்த போர்வையை விரிக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை நீயும் போய் உட்கார். நானும் கூட வருவேன். ஞாயிற்றுக்கிழமை பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு சுண்டெலியைப் பார்க்கப் போகிறோம். உன் வீட்டுக்காரியிடம் பேசிவிட்டேன். "வரட்டும் அண்ணி. குழந்தை ஒவ்வொரு ஞாயிறும் வாசல்லயே நிக்குது" என்றாள். மற்றதை அவள் உன்னிடம் சொல்வாள், அல்லது சொல்ல மாட்டாள். அதில் நான் தலையிட மாட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. உன் கையில்தான் கொடுப்பேன். கூடவே ஒரு படிவமும் இருக்கிறது. புதிதாக ஒரு கேள்வி சேர்த்து அச்சடித்தது. முதல் ஆளாக நானே நிரப்பிவிட்டேன். விதிப்படி நீதான் இதைப் பெயர்த்து எழுத வேண்டும். எழுத்துப் பிழை வராமல் எழுது.

எண்: 41

இந்த வாரம் யாருடன் தேநீர் குடித்தீர்கள்?
23.

யார் யாரைத் தேடிப் போனது?
நான்தான் போனேன். ஜன்னல் ஓரத்து மேசைக்கு. எதிர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்து பார்.